தோள் போன பிறகு எந்த ரைபிள்? .30-06-ஐ விட்டு இறங்கியவனின் கணக்கு

எனக்கு வயது 66. வலது தோளில் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது, கழுத்தெலும்புத் தேய்மானம் அதற்கு முன்பிருந்தே உண்டு. இருபத்தெட்டு வருடமாக மான் வேட்டைக்கு ஒரே துப்பாக்கிதான், .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற தோட்டா வகைக்கானது, 180 கிரெயின் குண்டு (கிரெயின் என்பது குண்டை நிறுக்கும் சின்ன எடையளவு). தையல் ஆறி, பயிற்சி எல்லாம் முடித்து, "இனிச் சுடலாம், ஆனால் பார்த்து" என்று மருத்துவர் சொன்ன பிறகு ஒரு நாள் அதை எடுத்துக்கொண்டு சுடுகளத்துக்குப் போனேன். மூன்றாவது தோட்டாவோடு பெட்டியை மூடிவிட்டேன். வலியைக்கூடத் தாங்கிக்கொண்டேன், விசையை இழுக்கும் முன்பே கண் தானாக மூடிக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை. அப்படிச் சுட்டால் மான் வயிற்றில் குண்டு வாங்கிக்கொண்டு இருட்டுக்குள் ஓடும், நாம் டார்ச் லைட்டோடு ரத்தத் துளியைத் தேடிக்கொண்டு அலைய வேண்டும். அது வேண்டாம் என்றுதான் இந்த ஆராய்ச்சியில் இறங்கினேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதுமாதிரிக் கேள்வி வந்தால் எல்லோரும் உடனே தோட்டாவின் பெயரைத்தான் சொல்வார்கள். ".243 வாங்கு", "6.5 வாங்கு", முடிந்தது. எனக்குப் புரிந்தவரை தோட்டா பாதிக் கதைதான். மீதிப் பாதி துப்பாக்கியின் எடையிலும், கட்டை (தோளில் வைக்கும் பின்பகுதி) உடம்புக்குப் பொருந்துவதிலும் இருக்கிறது. இதைக் கவனிக்காமல் வாங்கியவர்கள் ".243-யும் உதைக்கிறதே" என்று திருப்பிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கணக்கு எளிது. குண்டின் எடையை வேகத்தால் பெருக்கி, அதோடு எரிந்து வெளியேறும் வெடிமருந்தின் எடையையும் அதன் வேகத்தால் பெருக்கிக் கூட்டினால் முன்னால் போகும் உந்தம் கிடைக்கும். அதே அளவு உந்தம் பின்னால் துப்பாக்கிக்கு வருகிறது. உதையின் ஆற்றல் அந்த உந்தத்தின் வர்க்கமாக ஏறும், துப்பாக்கியின் எடைக்கு ஏற்ப இறங்கும். ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) சேர்த்து 8 பவுண்ட் எடையுள்ள துப்பாக்கி என்று எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வைத்துக்கொண்டு, கடையில் கிடைக்கும் சாதாரணத் தோட்டாக்களுக்கு நான் போட்ட கணக்கில் .30-06 180 கிரெயினுக்கு ஏறக்குறைய 20 அடி-பவுண்ட் (ஆற்றலை அளக்கும் அலகு) வந்தது. .308 வின்செஸ்டர் 150 கிரெயினுக்கு 14½, 7மி.மீ-08 ரெமிங்டனுக்கு 12½, 6.5 க்ரீட்மோர் 140 கிரெயினுக்கு 11½, .30-30-க்கு 9½, .243 வின்செஸ்டர் 100 கிரெயினுக்கு 8½, .350 லெஜண்டுக்கும் 6.5 கிரெண்டலுக்கும் ஏழரைப் பக்கம். மருந்தின் அளவு தோட்டாவுக்குத் தோட்டா மாறும் என்பதால் ஒரு புள்ளி முன்னே பின்னே இருக்கலாம், வரிசை மாறாது.

இப்போது எடையை மாற்றிப் பாருங்கள். மலையேறுகிறவர்களுக்கென்று செய்யும் 6 பவுண்ட் .243-யின் உதை 11-ஐத் தாண்டிவிடுகிறது. அதாவது 8 பவுண்ட் 6.5 க்ரீட்மோருக்குச் சமம். "உதைக்காத தோட்டா" என்று நம்பி இறகுபோல லேசான துப்பாக்கியில் அதை வாங்கினால், தோட்டாவில் மிச்சம் பிடித்ததை எடையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். வயதானவருக்கு லேசான துப்பாக்கிதான் நல்லது என்று கடைக்காரர் எடுத்து நீட்டுவார், நல்ல மனசோடுதான் நீட்டுவார். தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடப்பவருக்கு அது சரி. என்னைப்போல வண்டியை விட்டு இறங்கி முந்நூறு அடி நடந்து மறைவிடத்தில் போய் உட்காருபவருக்கு இரண்டு பவுண்ட் கூடுதல் ஒரு சுமையே இல்லை.

கணக்கில் வராத இன்னொன்று உண்டு. தோளில் கை வைத்து மெதுவாகத் தள்ளுவதும் குத்துவதும் ஒன்றல்ல இல்லையா? ஒரே ஆற்றலாக இருந்தாலும் துப்பாக்கி பின்னால் வரும் வேகம் கூடினால் சுருக்கென்று இருக்கும். கட்டை வளைந்து கீழே இறங்கியிருந்தால் துப்பாக்கி வாய் (குழலின் முனை) மேலே எகிறிக் கட்டை கன்னத்தில் அறையும், நேராக இருந்தால் உதை நேர்கோட்டில் வந்து தோள் முழுக்கப் பரவும். அடிப்பகுதி ரப்பர் அகலமாகவும் மெத்தென்றும் இருக்க வேண்டும். விசைக்கும் கட்டையின் கடைசிக்கும் உள்ள நீளம் சரியில்லை என்றால் துப்பாக்கி தோள்குழியில் உட்காராமல் புஜத்தில் போய் உட்காரும், அறுவை சிகிச்சை செய்த இடம் அங்கேதான் இருக்கும். குளிர்காலக் கனத்த சட்டையோடு நீளத்தை அளக்க மறக்காதீர்கள். பனியனோடு கடையில் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கினால் காட்டில் அரை அங்குலம் நீண்டுவிடும்.

சரி, தேர்வுகளுக்கு வருவோம். முதல் தேர்வு, எதையும் வாங்காமல் இருப்பது. இதை யாரும் சொல்லமாட்டார்கள், இதில் விற்க ஒன்றும் இல்லை. பழைய .30-06-க்கே உதை குறைத்த தோட்டாக்கள் கிடைக்கின்றன. ஹார்னடியின் கஸ்டம் லைட், ரெமிங்டனின் மேனேஜ்டு ரீகாயில் இரண்டும் அப்படிப்பட்டவை. 180 கிரெயினுக்குப் பதில் 125 கிரெயின் பக்கம் ஒரு குண்டை நிதானமான வேகத்தில் விடுகிறார்கள், உதை ஏறக்குறைய பாதியாகிறது. 150, 200 கஜத்துக்குள் மானுக்கு அது தாராளம். குறி மாறும் என்பதால் ஸ்கோப்பைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும், பழைய தோட்டாவையும் இதையும் ஒரே பையில் கலந்து வைக்கக் கூடாது. இதோடு நல்ல ரப்பர் அடி ஒன்று (லிம்ப்சேவர், பேக்மயர் மாதிரி), கட்டைக்குள் கொஞ்சம் ஈயம். கடைசித் துப்பாக்கியை விற்கும் மனநிலையில் இருப்பவர்கள் இதைச் செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எனக்கு இது முக்கால்வாசி வேலை செய்தது. தோள் ஏற்றுக்கொண்டது, ஆனால் அந்தத் துப்பாக்கியைத் தூக்கினாலே கண் மூடும் பழக்கம் போகவில்லை. மூளை இருபத்தெட்டு வருடக் கணக்கை வைத்திருக்கிறது, என்ன செய்ய. தோட்டா சீக்கிரம் தீர்ந்து மாதக்கணக்கில் கடைக்கு வராமல் போவதும் உண்டு.

அதே துப்பாக்கிக்கு வாயில் மசில் பிரேக் போடலாமே என்பார்கள். போடலாம், உதை நன்றாகவே குறையும், வெளியேறும் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி விடுவதால் துப்பாக்கியை அது முன்னுக்கு இழுக்கிறது. ஆனால் சத்தம்! பக்கத்தில் நிற்பவனுக்கும் சுடுபவனுக்கும் காது போய்விடும். வேட்டையில் பாதிப் பேர் காதடைப்பான் போட மறப்பவர்கள், அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஏற்கனவே காது பாதி. சத்தமும் வெடியதிர்ச்சியும் கூடக் கண்ணை மூட வைக்கும் காரணங்கள்தான், தோளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சப்ரசர் (குழல் முனையில் மாட்டும் சத்தம் குறைப்பான்) சட்டப்படி கிடைக்கும் இடத்தில் இருந்தால் அதுதான் மேல். உதை குறைகிறது, அதிர்ச்சி குறைகிறது, முக்கால் பவுண்டோ ஒரு பவுண்டோ எடை வாயில் கூடுவதால் துப்பாக்கி எகிறுவதும் குறைகிறது. என்னிடம் பணம் ஒரே ஒரு பொருளுக்குத்தான் இருக்கிறது என்றால் புதுத் துப்பாக்கிக்கு முன்னால் சப்ரசரைத்தான் யோசிப்பேன், உரிமம் வாங்குவதற்கான பொறுமை இருந்தால்.

அப்புறம் .243 வின்செஸ்டர். 1955-இல் வந்தது, .308-இன் கழுத்தை 6 மி.மீ. அளவுக்குச் சுருக்கிச் செய்தது. பையன்களுக்கான தோட்டா என்று கிண்டல் செய்வார்கள், அந்தக் கிண்டலுக்குப் பயந்தே நிறைய பேர் பெரிய துப்பாக்கி வாங்கித் தோளைக் கெடுத்துக்கொள்கிறார்கள். 100 கிரெயின் குண்டு விநாடிக்கு 2,900 அடிக்கு மேல் போகிறது, வாயில் ஆற்றல் 1,900 அடி-பவுண்டைத் தாண்டும், மானுக்கு 1,000 வேண்டும் என்று வழக்கமாகச் சொல்லும் அளவுக்கு மேலே 250 கஜம் வரைகூட நிற்கும். இதன் உண்மையான பலவீனம் குண்டுத் தேர்வில் தவறுக்கு இடம் கொடுக்காதது. 55, 58 கிரெயின் குண்டுகள் சிறு விலங்குகளுக்கானவை, மேலேயே சிதறிவிடும், தோள் எலும்பில் பட்டால் உள்ளே போகாது. அவற்றை மானுக்கு எடுத்துவிட்டு ".243 போதாது" என்பவர்கள் ஒரு கூட்டம். 100 கிரெயின் நோஸ்லர் பார்டிஷன் மாதிரி உள்ளே தடுப்புச் சுவர் உள்ள குண்டோ, 80 கிரெயின் பார்ன்ஸ் செம்புக் குண்டோ எடுத்தால் அந்தப் பேச்சே இல்லை. செம்புக் குண்டு எடை குறைவு என்பதால் உதை இன்னும் கொஞ்சம் இறங்கும், அது எங்களுக்கு இனாம். பெரிய உடம்புள்ள மான்களை, கோணலான நிலையில் நிற்கும்போது சுடுவதானால் இது போதாது. அப்படி நின்றால் நான் சுடமாட்டேன், அவ்வளவுதான்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மன்ட்ஜாக், சீன நீர்மான் இரண்டைத் தவிர்த்த மற்ற மான்களுக்கு .240-க்குக் குறைந்த குழல் கூடாது, வாயில் ஆற்றல் 1,700 அடி-பவுண்டாவது இருக்க வேண்டும். .243 அந்தக் கோட்டை மயிரிழையில் தாண்டி நிற்கிறது, அங்கே அதற்கு இவ்வளவு மவுசு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதனால்தான் .223-ஐ நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. உதை மூன்றரைதான், குழந்தைகூடச் சுடும், ஆனால் பல இடங்களில் மானுக்கு அனுமதி இல்லை, அனுமதி உள்ள இடத்திலும் குண்டு வைக்கும் இடத்தில் அரை சாண் பிசகினால் மன்னிக்காது.

6.5 க்ரீட்மோர் பற்றி எழுத ஆரம்பித்தால் சண்டைக்கு வருவார்கள். 2007-இல் ஹார்னடி இலக்குச் சுடுபவர்களுக்காகச் செய்தது, இன்று வேட்டைக்காரர்களும் அள்ளுகிறார்கள், அதனாலேயே பழைய ஆட்களுக்கு அதன் மேல் ஒரு கடுப்பு. உண்மையில் இது செய்யும் வேலையை 6.5×55 ஸ்வீடிஷ் 1894 முதல் செய்துவருகிறது, ஸ்காண்டிநேவியாவில் அதை வைத்து மூஸ் என்ற மிகப் பெரிய மானின் வேட்டையே ஆடுகிறார்கள். நீளமான, ஒல்லியான குண்டு, அதனால் ஆழமாக உள்ளே போகும். .243-ஐவிட மூன்று புள்ளி உதை கூடுதலுக்குப் பதிலாகக் கோணல் நிலையிலும் நம்பிச் சுடக்கூடிய குண்டு கிடைக்கிறது. தோள் ஓரளவு தேறியவர், 300 கஜம் வரை சுட வேண்டிய திறந்த வெளி, மான்களும் பெரியவை என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு (இந்தமுறை வேறு அர்த்தத்தில்) இதைச் சொல்வேன், சப்ரசரோடு. 7மி.மீ-08-உம் அருமையான தோட்டாதான், 1980 முதல் இருக்கிறது. ஆனால் 6.5 இருக்கும்போது கூடுதல் ஒரு புள்ளி உதையை ஏன் வாங்க வேண்டும் என்பதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. .257 ராபர்ட்ஸ் பழசு விரும்பிகளுக்கு, தோட்டா கிடைத்தால் அதிர்ஷ்டம்.

.350 லெஜண்ட் 2019-இல் வின்செஸ்டர் கொண்டுவந்தது. ஒஹையோ போன்ற சில அமெரிக்க மாநிலங்களில் மானுக்கு நேரான சுவருள்ள, கழுத்துச் சுருங்காத தோட்டாவைத்தான் ரைபிளில் பயன்படுத்த வேண்டும் என்று விதி இருப்பதால் பிறந்த தோட்டா. அப்படிப்பட்ட இடத்தில் இருந்தால் இங்கேயே படிப்பதை நிறுத்தி இதை வாங்கிவிடலாம், அங்கே இதற்குப் போட்டியாக இருக்கும் 12 கேஜ் ஸ்லக் துப்பாக்கியை (ஒற்றைப் பெரிய ஈயக் குண்டு போடும் ஷாட்கன்) தோள் போனவன் நினைத்தே பார்க்கக் கூடாது. உதை .243-ஐவிடக் குறைவு, சுருக்கென்று குத்தாமல் தள்ளுகிற ரகம். 150 கஜத்துக்கு மேல் வேகமாக இளைத்துவிடும், அதுதான் எல்லை. பெரும்பாலும் இதைக் குட்டையான, லேசான துப்பாக்கிகளில் விற்கிறார்கள், குழல் குட்டையானால் வெடிச்சத்தம் முகத்துக்குப் பக்கத்தில் வரும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

6.5 கிரெண்டல் நான் எதிர்பார்க்காத ஆச்சரியம். சின்னத் தோட்டா, 123 கிரெயின் குண்டு, உதை ஏழரை. ஹோவா 1500 மினி மாதிரிச் சின்ன போல்ட் துப்பாக்கியில் (ஒவ்வொரு முறையும் கைப்பிடியைத் தூக்கி இழுத்துத் தோட்டா ஏற்றும் ரகம்) கிடைக்கிறது. நண்பருடையதைப் பத்துத் தடவை சுட்டுவிட்டு இன்னும் பத்து கேட்டேன். 200 கஜத்துக்குள் மானுக்கு இது ஒழுங்காகப் போதும். பிரச்சினை தோட்டா கிடைப்பதில்தான், சின்ன ஊர்க் கடையில் .243 கட்டாயம் இருக்கும், கிரெண்டல் இருக்கும் என்று சொல்ல முடியாது.

.30-30 லீவர் துப்பாக்கியை ஆசையினால் சேர்த்தேன். 1895-லிருந்து மான் கொன்றுவரும் தோட்டா. எண்ணில் உதை குறைவுதான், ஆனால் வழக்கமான லீவர் துப்பாக்கி லேசு, கட்டை வளைந்தது, பழையவற்றில் அடியில் ரப்பருக்குப் பதில் பிளாஸ்டிக்கோ இரும்போதான். எட்டு பவுண்டுக்கு நான் போட்ட 9½ அதில் 11 ஆகிவிடுகிறது. தவிர, ஒவ்வொரு முறையும் லீவரைக் கீழே தள்ளி இழுக்கத் தோள்மூட்டு முழுவதும் அசைய வேண்டும். மனசு கேட்டது, தோள் மறுத்தது.

இதைச் சொல்லும்போதுதான் யாரும் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். காயம் எங்கே என்பதைப் பொறுத்து துப்பாக்கியின் இயக்கம் மாறும். என் கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்குவது கஷ்டம், போல்டைத் தூக்கிப் பின்னால் இழுக்கும்போது முழங்கை வெளியே போகிறது. அதனால் போல்ட் தூக்கும் கோணம் 60, 70 டிகிரிதான் உள்ள துப்பாக்கி எனக்கு வசதி, 90 டிகிரிக்காரன் தொந்தரவு. வாயுவால் இயங்கும் அரைத்தானியங்கி ரைபிள், பிரௌனிங் பிஏஆர் மாதிரி, உதையை நீட்டிப் பரப்பி மெதுவாக்கித் தரும், போல்ட் இழுக்கும் வேலையும் இல்லை. ஆனால் முதல் தோட்டாவை ஏற்ற அதன் கைப்பிடியை ஸ்பிரிங்குக்கு எதிராக இழுத்துப் பாருங்கள், விரலில் வாதம் உள்ளவருக்கு அது ஒரு தண்டனை. சில இடங்களில் வேட்டைக்கு அரைத்தானியங்கி கூடாது என்பதும் உண்டு. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அது இருக்கும் பக்கத் தோளில் கட்டையை வைக்கவே வேண்டாம், உதையில் கம்பி சேதமாகலாம். இதயமருத்துவரிடம் கேட்டுவிட்டு மறுதோளுக்கு மாறுங்கள், இடக்கை போல்ட் துப்பாக்கிகள் தனியாகவே கிடைக்கின்றன. கண்புரை, விழித்திரை சிகிச்சை முடித்தவர்களும் கேட்டுவிட்டுத்தான் சுட வேண்டும்.

சோதித்துப் பார்ப்பதில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்கிறேன். முதல் நாள் மேசையில் குனிந்து உட்கார்ந்து சுட்டேன். மேசையில் உடம்பு முன்னால் சாய்ந்து இறுகி இருக்கும், பின்னால் விட்டுக்கொடுக்க வழியில்லை, அதனால் எல்லாத் துப்பாக்கியும் பேய்த்தனமாக உதைப்பதாகத் தோன்றும். நின்றுகொண்டு, முக்காலி வைத்துச் சுட்டபோது அதே துப்பாக்கி வேறு மாதிரி இருந்தது. ஸ்கோப்பைச் சரிசெய்ய மட்டும் துப்பாக்கியைப் பிடித்துவைக்கும் சட்டத்தைப் பயன்படுத்துங்கள், அதில் ஈய மூட்டையை அளவுக்கு மீறி ஏற்றினால் உதை முழுவதையும் கட்டை வாங்கி விரிசல் விடும். அப்புறம், நண்பர் ஒருவரை விட்டு வெற்றுத் தோட்டாவை (மருந்தில்லாத, வெடிக்காத போலித் தோட்டா) நடுநடுவே கலந்து ஏற்றச் சொல்லுங்கள். எது வெற்று என்று உங்களுக்குத் தெரியாது. வெடிக்காதபோது துப்பாக்கி வாய் கீழே குத்துகிறதா என்று அவர் பார்க்கட்டும். குத்தினால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கு இல்லை, காகிதத்தில் உதை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

நான் கடைசியில் எடுத்தது .243, கனமான குழல், கட்டையின் நீளத்தையும் கன்னமேட்டையும் மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள துப்பாக்கி, ஸ்கோப்போடு எட்டரைப் பவுண்ட் பக்கம். சாவேஜ் 110-இன் அக்யூஃபிட் கட்டை அந்த வசதிக்குப் பெயர்போனது, நான் பார்த்ததில் அதன் சரிசெய்யும் முறைதான் எளிது. கிரெண்டலா .243-ஆ என்று இரண்டு வாரம் மனசு ஊசலாடியது. 150 கஜத்துக்கு மேல் நான் சுடுவதே இல்லை, அந்தக் கணக்கில் கிரெண்டலே போதும், ஒரு புள்ளி உதை மிச்சம். தோட்டா கிடைப்பது ஒன்றுதான் .243 பக்கம் தள்ளியது, ஏனென்றால் இந்த வயதில் ஒரு மதியத்துக்கு இருபது தோட்டாவாவது சுட்டுப் பழகினால்தான் கண் மூடும் வியாதி போகும், நாலு தோட்டாவை எண்ணி எண்ணிச் செலவழித்தால் போகாது. நடுவில் .22 வைத்து நூறு நூறாகச் சுட்டேன், அது தனி மருந்து.

கணக்கில் .30-06-இன் 20 இப்போது 8 ஆகியிருக்கிறது. போன வாரம் வெற்றுத் தோட்டா சோதனையில் ஆறுக்கு ஐந்து முறை வாய் அசையவில்லை. பழைய துப்பாக்கியை விற்கவில்லை, உதை குறைத்த தோட்டா இரண்டு பெட்டியோடு மகனிடம் கொடுத்தேன். அவன் 180 கிரெயினைத்தான் சுடுவேன் என்கிறான். தோள் நன்றாக இருக்கிறது, சுடட்டும்.